நிக்கொடீமஸ்: ஏமாந்தவர்களின் ஊரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து நிக்கொடீமஸ் கிராமத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்தேன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் யாரோ சொன்ன ஆசை வார்த்தைகளை நம்பி வெட்டவெளியில் போய்க் குடியேறினார்கள். இன்று அங்கே இருபது பேர்கூட இல்லை. தங்கள் பழைய மாநிலமான கென்டக்கியிலேயே இருந்திருந்தால் நன்றாக வாழ்ந்திருக்க மாட்டார்களா?

ஒரு வாசகர், மணப்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

ஆசை வார்த்தைகள் சொல்லப்பட்டது உண்மை. 1877 செப்டம்பர் 5 அன்று கான்சாஸுக்குப் புறப்பட ஐந்து டாலர் போதும் என்று கறுப்பின மக்களை அழைத்த துண்டறிக்கை ஒன்று கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் பரவியது. அந்த மாதமே ஏறத்தாழ முந்நூறு பேர் நிக்கொடீமஸுக்கு வந்து சேர்ந்தனர். விதைப்புக் காலம் கடந்திருந்தது. வீடு கட்ட மரமும் இல்லை. ஆகவே மேட்டுச் சரிவைக் குடைந்து, முகப்பில் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி, புகைபோக ஒரு குழாயை மட்டும் மேலே நீட்டிவிட்டு, அந்தக் குழிக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். மறு ஆண்டு வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டபோது, அவருடைய கணவர் தரையிலிருந்து எழும் புகையைச் சுட்டிக்காட்டினாராம். அதைக் கண்டு தாம் அழத் தொடங்கியதாக அந்த அம்மையாரே பின்னாளில் கூறியிருக்கிறார். வந்த வேகத்தில் திரும்பிவிட்ட குடும்பங்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கென்டக்கியில் அவர்களுக்கு என்ன காத்திருந்தது? அடிமைமுறைக்கு முடிவுகட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலிக்கோ வாரத்துக்கோ உழைத்துக்கொண்டிருந்தனர். கான்சாஸிலோ, 1862ஆம் ஆண்டின் அரசு நிலக் குடியேற்றச் சட்டப்படி, ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் வரை சொந்தமாகும். நேற்றுவரை தாமே பிறருடைய உடைமையாக இருந்தவர்களுக்குத் தம் பெயரில் ஒரு பட்டா என்பது எவ்வளவு பெரிது என்பதை, நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடும் நம் ஊர்களை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்காகவே மண்வெட்டியும் கையுமாக அந்தப் புல்வெளியைக் கொத்தினார்கள். ஊர் வளர்ந்தது, பள்ளியும் தேவாலயங்களும் விடுதியும் இரண்டு செய்தித்தாள்களும் வந்தன. அங்கு குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஊர் தேய்ந்ததற்குக் குடியேறியவர்களின் பேதைமையைக் காரணமாகச் சொல்வது சரியன்று. ரயில் பாதை தம் ஊர் வழியாக வர வேண்டும் என்று, ஒரு ரயில் நிறுவனத்துக்கு உதவ 16,000 டாலர் கடன்பத்திரம் வெளியிட ஊர் மக்கள் வாக்களித்தும், அந்த நிறுவனம் வரவில்லை. 1888இல் வேறொரு நிறுவனம் ஊருக்கு அப்பால், சாலமன் ஆற்றின் தென்கரையோடு தண்டவாளம் போட்டதும், கடைக்காரர்கள் அங்கே முளைத்த போக் என்ற ஊருக்குப் பெயர்ந்தனர். சந்தைக்கு வழியற்றுப்போன விவசாயக் கிராமத்தை 1930களின் வறட்சியும் புழுதிப் புயல்களும் மேலும் நொறுக்கின.

இருந்தும் முன்னோர் பெற்ற நிலத்தை இன்றும் கைவிடாத வாரிசுகள் இருக்கிறார்கள். 1996இல் அந்த ஊர் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் அடிமை விடுதலை நாள் கொண்டாட்டத்துக்கு வெளியூர்களிலிருந்து சந்ததியினர் வந்து கூடுகிறார்கள். கென்டக்கிக்குத் திரும்பியிருக்கலாமே என்று அவர்களிடம் கேட்க எனக்கு மனம் வராது.

அன்புடன்,
ஆசிரியர்