அமெரிக்க இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி ஏன் பெரும்பாலும் அடி வாங்குகிறது?

அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல் இது. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட் என்ற மேலவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் வாக்களிப்பார்கள். அதிபர் மேல் கோபமாக இருப்பவர்கள் மறக்காமல் வந்து ஓட்டுப் போடுவார்கள், அவரை ஜெயிக்க வைத்தவர்களில் பலர், குறிப்பாக இளைஞர்கள், அதிபர் தேர்தல் இல்லையே என்று சும்மா இருந்துவிடுவார்கள். 2010-இல் ஒபாமாவின் கட்சி சபையில் 63 இடங்களை இழந்ததற்கு, வேலையில்லாத் திண்டாட்டத்தோடு இதுவும் ஒரு காரணம்.

சபை எதிர்க்கட்சியிடம் போய்விட்டால், அப்புறம்தான் சண்டையே; அரசுச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம்தான். வீட்டுக்குப் பெரியவர் ஒருவர், பீரோ சாவி இன்னொருவரிடம் என்றால் எப்படி இருக்கும்? குடியரசுக் கட்சியின் டிரம்ப் அதிபராக இருந்தபோது, 2018 தேர்தலில் சபை ஜனநாயகக் கட்சியிடம் போனது; அந்தக் குளிர்காலத்தில் அவர் கேட்ட மெக்சிகோ எல்லைச் சுவருக்கான பணத்தில் இழுபறி முற்றி, அரசு அலுவலகங்களில் ஒரு பகுதி 35 நாள் முடங்கிக் கிடந்தது.

இதில் தோற்றால் அதிபர் பதவியே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது, அவரை நீக்க வேண்டுமென்றால் தனியாகப் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்து, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வாங்க வேண்டும்.