'வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்' என்று சொல்லிவிட்டார் அப்பா

வணக்கம் மேடம்.

எனக்கு வயது 36. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்தான் சொந்த ஊர். ஏழெட்டு வருஷமாக ஸ்வீடனில், கோத்தன்பர்க் நகரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். மனைவி பல் மருத்துவர். நம் ஊரில் படித்த படிப்பை வைத்துக்கொண்டு இங்கே நேரடியாக வேலைக்குச் சேர முடியாது. ஸ்வீடிஷ் மொழி கற்று, தேர்வு எழுதி, பயிற்சி முடித்து உரிமம் வாங்க வேண்டும். நடுவில் குழந்தையும் பிறந்தது. இந்த வருஷம்தான் அவள் உரிமம் கிடைத்து ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். அன்றிலிருந்து நான் பெற்றோர் விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு இப்போது ஒன்றே கால் வயது.

இங்கே இது அதிசயமே இல்லை. ஒரு குழந்தைக்கு அப்பா அம்மா இருவருக்குமாக 480 நாள் விடுப்பு உண்டு. அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நான் சில மாதம் எடுக்கப் போகிறேன் என்றதும் என் மேனேஜர் கைகொடுத்தார். தன் பிள்ளைகளுக்காகத் தான் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி ரொம்ப நேரம் சந்தோஷமாகப் பேசினார். எடுக்காமல் இருந்திருந்தால்தான் 'ஏன், என்ன ஆச்சு?' என்று கேட்டிருப்பார்கள்.

போன கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா நாற்பது வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தீபாவளிக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் தவிர கடையை அடைத்து நான் பார்த்ததில்லை. வந்த முதல் வாரத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது. நான் குழந்தைக்குச் சோறு ஊட்டினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை கீழே இருக்கிறது. முன்கூட்டி நேரம் பதிந்துகொண்டு போக வேண்டும். ஒருநாள் நான் அங்கே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். என்னைத் தேடி வந்த அப்பா, என் கையில் இருந்த மனைவியின் சுடிதாரை வாங்கிக் கூடையின் அடியில் திணித்துவிட்டு, 'மேலே போ. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?' என்றார். அதே நேரம் மூன்றாவது மாடிக்காரர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தன் துணிப்பையோடு வந்து வணக்கம் சொல்லிவிட்டு மெஷினைத் திறந்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடி ஏறும்போது 'அவருக்குப் பொண்டாட்டி இல்லையா?' என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பும் முன் ஒரே ஒரு பேச்சுதான். 'அம்மாவ விட்டுட்டுப் போறேன், அவ பிள்ளயப் பாத்துக்கட்டும். நீ வேலைக்குப் போ. பொண்டாட்டி சம்பளத்துல ஒக்காந்து சாப்புடுறான்னு பேரு வாங்காத.' விசிட்டர் விசாவில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது என்று எடுத்துச் சொன்னேன். விசா மட்டும்தான் காரணம் என்பதுபோலப் பேசிவிட்டேனே என்று அப்புறம் வருத்தமாக இருந்தது.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பெரியப்பா ஒருத்தர் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 'பெரிய பிராஜெக்ட், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான்' என்று அப்பா சொல்லியிருக்கிறார். தங்கைதான் போனில் சொன்னாள். கடையில் ஒரு பைசா கள்ளக்கணக்கு எழுதாத மனிதர் மேடம், எனக்காகப் பொய் சொல்கிறார். அந்த அளவுக்கு நான் கேவலமாகிவிட்டேனா?

வீடியோ காலில் அப்பா முகம் தெரிந்தாலே குழந்தையை இறக்கிவிட்டு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். தூக்கம் சரியில்லை. குழந்தை அழுதால் எரிச்சல் வருகிறது. தை மாதம் தங்கை மகனுக்குக் காது குத்து வைத்திருக்கிறார்கள். நான்தான் தாய்மாமன். ஆனால் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் போய் நிற்க மனம் இல்லை. சீர் செய்யப் பணம் மட்டும் அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். மாசி வரை விடுப்பு இருக்கிறது. இப்போதே முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதியாகுமோ? எது சரி மேடம், அப்பா சொல்வதா, இந்த ஊர் சொல்வதா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

விடுப்பைப் பாதியில் முடிக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி புது மொழியில் படித்து, பிரசவத்தையும் தாண்டி, இப்போதுதான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் வேலைக்குத் திரும்பினால் அவர் எழுந்திருக்க வேண்டிவரும். அப்பாவின் ஒரு பந்திப் பேச்சைக் காப்பாற்ற அவ்வளவு பெரிய விலையை அவர் தலையில் வைக்கக் கூடாது. உங்களுக்கும் அதில் நிம்மதி கிடைக்காது.

இனி அப்பாவைப் பற்றி. அவர் உங்களைக் கேவலமாக நினைத்துப் பொய் சொன்னதாக நீங்கள் எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊர்ப்பக்கம் ஒரு ஆணின் மரியாதையை அவன் தனியாகச் சம்பாதிப்பதுமில்லை, தனியாக இழப்பதுமில்லை. கோயில் வரி கட்டும்போது, மொய் எழுதும்போது, திருவிழாவில் யாருக்குப் பரிவட்டம் கட்டுவது என்று பேசும்போது, அப்பன் பேரும் மகன் பேரும் சேர்ந்தேதான் அடிபடும். சபையில் ஒருத்தன் வாய்க்குள் சிரித்துவிட்டால் போதும், நாற்பது வருஷம் கடை நடத்திச் சேர்த்த பேருக்கும் கீறல் விழும். பந்தியில் கேள்வி வந்த அந்த நொடியில் அப்பா உங்கள் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் கைக்குக் கிடைத்தது ஒரு பொய். உண்மையைச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜோசப் வாண்டெல்லோ, ஜெனிஃபர் பாசன் இருவரும் 2008இல் தங்கள் குழுவோடு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண் வளர்ந்தால் பெண்தான் என்று எடுத்துக்கொள்கிற மனிதர்கள், 'ஆம்பளை' என்ற பேரை மட்டும் பாடுபட்டு வாங்க வேண்டியதாகவும், சுலபத்தில் பறிபோகிறதாகவும், பறிபோனால் ஊரறிய மீட்க வேண்டியதாகவும் பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். பின்னால் இதை 62 நாடுகளில் கேட்டுப் பார்த்தபோது இந்த எண்ணம் நாட்டுக்கு நாடு கூடியும் குறைந்தும் இருந்தது. ஆண் பெண் சமத்துவம் கூடுதலாக உள்ள நாடுகளில் அதன் பிடி தளர்ந்திருந்தது. உங்கள் அப்பா அந்தப் பயத்தோடே ஆயுள் முழுக்க நடந்தவர். சலவை அறையில் ஒரு சுடிதாரைக் கூடைக்கு அடியில் திணிக்கிற கை அந்தப் பயத்தின் கைதான். உங்கள் மனைவி மேல் அவருக்கு வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது மாடிக்காரரை அவர் வெறித்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான இடம் அதுதான். தன் வயதை ஒத்த, மரியாதையாக வணக்கம் சொல்கிற ஒரு ஆண், மனைவி வீட்டில் இருக்கும்போதே துணி துவைக்க வருகிறார், அதில் கூச்சமே படவில்லை. இத்தனை வருஷம் அப்பா நம்பி வந்ததை அந்த ஒரு காட்சி கொஞ்சம் அசைத்திருக்க வேண்டும். அன்று முழுக்கப் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று மட்டும் நான் படிக்க மாட்டேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்வீடன்காரர்களும் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர்கள் இல்லை. தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பை இருவருக்கும் பொதுவாக்கிய சட்டம் அங்கே 1974இல் வந்தது. அந்த வருஷம் ஆண்கள் எடுத்தது மொத்த நாட்களில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. லென்னார்ட் டால்கிரேன் என்ற பளுதூக்கும் வீரரைப் பிடித்து, அந்த முரட்டுக் கைகளில் ஒரு கைக்குழந்தையைக் கொடுத்துப் படம் எடுத்து, 'விடுப்பில் இருக்கும் அப்பா' என்று சுவரொட்டி அடித்தது. குழந்தையைத் தூக்கினால் ஆம்பளைத்தனம் போய்விடாது என்று காட்ட அவர்களுக்கும் ஒரு பயில்வான் தேவைப்பட்டார்! அதுவும் போதவில்லை. 1995இல் ஒரு மாதத்தை மாற்ற முடியாதபடி ஒதுக்கினார்கள். 2002இல் அது இரண்டு மாதமாகி, 2016இல் 90 நாளானது. இன்றைக்கும் ஆண்கள் எடுப்பது சுமார் 30 சதவீதம்தான். உங்களுக்குக் கைகொடுத்த மேனேஜருடைய தாத்தா ஒருவேளை உங்கள் அப்பா மாதிரியே பால்கனிக்குப் போயிருப்பார். ஆக, 'அவங்க ரத்தம் வேற, நம்ம ரத்தம் வேற' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஒரு மனிதனின் ஆயுளுக்குள், உங்கள் அப்பாவின் வயதுக்குள்ளேயே, ஒரு நாட்டில் மரியாதையின் அளவுகோல் மாறியிருக்கிறது.

அப்படியானால் அந்த ஊர்தான் சரி, நம் ஊர் தப்பு என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஒரு ஆண் தன் குழந்தைக்கும் துணைக்கும் பதில் சொன்னால் பெரும்பாலும் போதும். நம் ஊரில் தங்கை, தங்கை பிள்ளை, வயதான சித்தப்பா, குலதெய்வக் கோயில் என்று அந்தக் கணக்கு நீண்டுகொண்டே போகும். அது பாரம்தான். ஆனால் நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் கேட்காமலே வாசலில் பத்துப் பேர் வந்து நிற்பதும் அந்தக் கணக்கினால்தான். அப்பா அந்தக் கணக்கில் ஆயுள் முழுக்கப் போட்டுக்கொண்டே வந்தவர். தனக்கப்புறம் அதை யார் எடுத்து நடத்துவார்கள் என்ற கேள்விதான் அவரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் துணி மடிப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்த சாக்கு.

அதனால்தான் காது குத்துக்குப் பணம் மட்டும் அனுப்பும் யோசனையை நான் ஏற்கவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்கு என்ன வேலை? சீர்த்தட்டு எடுத்துப் போவீர்கள். அப்புறம் ஊர் முழுக்கப் பார்க்க, மனையில் உட்கார்ந்து, தங்கை மகனை மடியில் வைத்துக்கொள்வீர்கள். ஊசி படும்போது அவன் திமிறி அழுவான், மூக்கு ஒழுகும், உங்கள் வேட்டியை நனைத்தாலும் நனைப்பான். இறுகப் பிடித்துக்கொண்டு, தட்டிக்கொடுத்து, வாயில் சர்க்கரை வைத்துச் சமாதானப்படுத்துவீர்கள். அந்தச் சபையில் அந்த நேரம் உங்களைவிட மரியாதைக்குரிய ஆண் யாரும் இல்லை. மடியில் குழந்தை இருப்பது ஆணுக்கு இழுக்கு என்று நம் ஊர் என்றைக்குமே சொன்னதில்லை. ஊரறிய அதை ஒரு நாள் மட்டும் ஆணுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற நாளெல்லாம் பெண் தலையில் வைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒன்றே கால் வருஷமாகக் குழந்தை தூக்கிப் பழகிய மாமனின் மடி எப்படி இருக்கும் என்று உங்கள் அப்பா நேரில் பார்க்கட்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயும் நீங்களே ஊட்டுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அதற்கு முன்னால் அப்பாவிடம் தனியாக ஒரு தடவை பேசுங்கள். தங்கை சொன்னதை இழுக்காதீர்கள். 'ஏன் பொய் சொன்னீங்க?' என்று ஆரம்பித்தால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். அவர் வியாபாரி, கணக்காகவே பேசுங்கள். இந்த விடுப்பு சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. முதல் 390 நாளுக்குச் சம்பளத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, சமூகக் காப்பீட்டிலிருந்து உங்கள் பேரில் வருகிறது. மீதி 90 நாளுக்கு ஒரு சின்னத் தொகை. இத்தனை வருஷம் உங்கள் சம்பளத்தை வைத்து அரசுக்குக் கட்டிய பணத்துக்கு உரிய பாத்தியதை இது. வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது, மாசியில் திரும்புகிறீர்கள். 'பொண்டாட்டி சம்பளத்துல ஒக்காந்து' என்று அவர் பயந்தது நடக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியட்டும். இந்தியாவிலேயே மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 15 நாள் தந்தை விடுப்பு இருக்கிறது என்பதையும் சொல்லலாம். அது அவர் சபையில் எடுபடும்.

அப்புறம், பந்தியில் சொல்லக்கூடிய ஒரு உண்மையை அவர் கையில் கொடுங்கள். 'பிள்ளைக்காக முறைப்படி லீவு எடுத்திருக்கான், லீவுக்குப் பணம் வருது, மாசியில வேலைக்குத் திரும்புறான்.' இவ்வளவு போதும். அடுத்த கல்யாணத்தில் அவர் இதைச் சொல்லாமலும் போகலாம். நீங்கள் வற்புறுத்த வேண்டாம். ஆனால் நீங்கள் மட்டும் யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்.

ஏன் தெரியுமா? வீடியோ காலில் குழந்தையை இறக்கிவிட்டு லேப்டாப் முன்னால் உட்காருகிறீர்கள் இல்லையா, அங்கே நீங்கள் சொல்வதும் அப்பா சொன்ன அதே கதைதான். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பந்தியில் நடந்தது மட்டும் இல்லை, வாராவாரம் போட வேண்டியிருக்கிற இந்த வேஷமும்தான் என்று எனக்குப் படுகிறது. அடுத்த அழைப்பில் குழந்தை இடுப்பிலேயே இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று முறை கஷ்டமாக இருக்கும். அப்பா பேச்சைச் சுருக்கிக்கொண்டு அம்மாவிடம் போனைக் கொடுப்பார். கொடுக்கட்டும்.

குழந்தை அழும்போது வரும் எரிச்சலைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். பகல் முழுக்க ஒரு சிறு குழந்தையோடு தனியாக இருப்பது, அதுவும் நாலு மணிக்கு இருட்டுகிற குளிர்காலத்தில், யாரையும் வாட்டும். காலம் காலமாக நம் பெண்களை வாட்டியதும் இதுதான். உங்கள் பகுதியில் பெற்றோர் குழந்தையோடு போய் உட்காரும் திறந்த மழலையர் கூடம் இருக்கும். அங்கே மற்ற அப்பாக்களும் வருவார்கள். கட்டணமும் பெரும்பாலும் இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் குழந்தை நல மையத்தின் செவிலியரிடம் உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அப்பாக்களோடு பேசுவதும் அவர்கள் வேலைதான். இரண்டு வாரத்தில் தூக்கம் சீராகவில்லை என்றால், 1177 எண்ணில் அழைத்து மருத்துவரைப் பார்க்க வழி கேளுங்கள்.

மனைவிக்கு இதெல்லாம் எவ்வளவு தெரியும் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. பந்திப் பேச்சையும் விடுப்பை முடித்துக்கொள்ளும் யோசனையையும் அவரிடம் மறைத்திருந்தால், இன்று இரவே சொல்லிவிடுங்கள். காது குத்துக்கு அவருக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டு, நாளைக்கே தங்கைக்குப் போன் செய்து தேதியைக் கேளுங்கள்.