மீன் மாத்திரை போட்டால் பிள்ளை எடை கூடுமா?

கேள்வி: முதல் குழந்தை, ஆறாம் மாதம் நடக்கிறது. எங்கள் வீட்டில் மீன், முட்டை எதுவும் கிடையாது. ஸ்கேனில் 'பிள்ளை கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது' என்றார்கள், டிஎச்ஏ மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விலை கையைக் கடிக்கிறது. நாத்தனார் 'எடையும் ஏறும், மூளையும் நல்லா வரும், விடாமல் போடு' என்கிறார். மாமியாரோ 'நாங்கள் எந்த மாத்திரையைப் போட்டுப் பெற்றோம்' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, ஈரோடு)

மாத்திரையால் கெடுதல் இல்லை. ஆனால் நாத்தனார் சொல்கிற இரண்டு காரணங்களுமே பலமானவை இல்லை. அதன் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது, அதை விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை.

டிஎச்ஏ என்பது ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம். பிள்ளையின் மூளையிலும் விழித்திரையிலும் நிறைய இருக்கும். கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை இதை வேகமாகச் சேர்க்கிறது. நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்திலிருந்து இதைத் தேடி எடுத்து உள்ளே அனுப்புகிறது. மீன் சாப்பிடாதவர் உடம்பில் இது எப்படி வரும் என்றால், ஆளி விதை, அக்ரூட், சோயா போன்றவற்றில் உள்ள இதன் மூலப்பொருளிலிருந்து உடம்பே கொஞ்சம் செய்துகொள்ளும். கொஞ்சம்தான். ஆனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜன் புண்ணியத்தில், ஆண்களைவிட நன்றாகவே செய்ய முடிகிறது. அதனால் சைவ வீட்டுப் பிள்ளைக்கு மூளை வளராது என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எடை விஷயத்துக்கு வருவோம். டென்மார்க்கைச் சேர்ந்த பரோ தீவுகளில் மீன்தான் சாப்பாடு. அங்கே பிள்ளைகள் டென்மார்க்கில் பிறப்பவர்களைவிடக் கூடுதல் எடையோடு, கொஞ்சம் தள்ளிப் பிறப்பதை 1980-களில் ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். மீனால்தானோ என்று சந்தேகப்பட்டு, கர்ப்பிணிகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1992-ல் வெளியானது. ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களைவிட மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்குப் பிரசவம் சராசரியாக 4 நாள் தள்ளிப்போனது, பிள்ளைகள் 107 கிராம் கூடுதலாக இருந்தார்கள். கடைசி வாரங்களில் பிள்ளை ஒரு நாளைக்கு 25, 30 கிராம் ஏறும், அதை நாலால் பெருக்கிப் பாருங்கள், கணக்கு ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது. அதாவது மீன் எண்ணெய் பிள்ளையை ஊதவைக்கவில்லை, வயிற்றுக்குள் இன்னும் சில நாள் இருக்கவைத்தது. பிரசவ வலியைத் தூண்டுகிற சில ரசாயனங்கள் ஒமேகா-6 கொழுப்பிலிருந்து உண்டாகின்றன, ஒமேகா-3 அதற்குப் போட்டியாக நிற்பதால் இப்படி நடக்கிறது என்பது விளக்கம்.

2018-ல் இப்படிப்பட்ட 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 20,000 பெண்கள். 34 வாரத்துக்கு முன்பே பிறப்பது ஆயிரத்துக்கு 46-லிருந்து 27 ஆகக் குறைந்தது, இது பெரிய விஷயம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறப்பது 156-லிருந்து 140 ஆனது, அவ்வளவுதான். பிள்ளையின் அறிவு வளர்ச்சியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவில் 5,500 கர்ப்பங்களுக்குமேல் வைத்து ஓர் ஆய்வு வந்தது, அதில் மொத்தமாகப் பார்த்தால் குறைப்பிரசவமும் குறையவில்லை. ரத்தத்தில் ஏற்கெனவே ஒமேகா-3 போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் ஊற்றிப் பலனில்லை, குறைவாக இருப்பவருக்குத்தான் உதவும் என்கிற பக்கம்தான் விஷயம் போகிறது.

இங்கே பக்கத்தில், கர்நாடகாவின் பெலகாவியில், கர்ப்பிணிகளுக்குத் தினமும் 400 மில்லிகிராம் டிஎச்ஏ கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்தபோது எடை, நீளம், தலைச் சுற்றளவு எதிலும் வித்தியாசம் இல்லை. மெக்சிகோவில் அதே அளவு கொடுத்தபோதும் மொத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் முதல் பிரசவக்காரர்களின் பிள்ளைகள் மட்டும் சுமார் 100 கிராம் கூடுதலாக இருந்தார்கள். உங்களுக்கும் முதல் பிள்ளை என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசில்லை, இதை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்கு இதைவிட உபயோகமான சேதி புனே பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தது. 1990-களில் அங்கே கர்ப்பிணிகளின் சாப்பாட்டைக் குறித்துவைத்தார்கள். 18-வது வாரத்தில் கொழுப்புச் சத்தும் பாலும் நன்றாக எடுத்தவர்கள், 28-வது வாரத்தில் கீரையும் பழமும் அடிக்கடி சாப்பிட்டவர்கள், இவர்களின் பிள்ளைகள் பிறக்கும்போது பெரிதாக இருந்தார்கள். இதுதான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனாலும் ஈரோட்டில் கீரைக்கட்டு என்ன விலை, மாத்திரை என்ன விலை என்று நீங்களே பாருங்கள்.

எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது, பிள்ளை ஏன் சின்னதாக இருக்கிறது, நாள் கணக்கு சரியா, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எப்படி, அடுத்த வளர்ச்சி ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். அதுதான் முக்கியம். மாத்திரை தொடர்வதாக இருந்தால் அட்டையில் டிஎச்ஏ எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், சர்வதேசப் பரிந்துரை தினம் குறைந்தது 200. மீன் எண்ணெயா, கடல்பாசியிலிருந்து எடுத்ததா என்பதும் போட்டிருக்கும். சைவம் என்றால் பாசி வகையைக் கேட்டு வாங்குங்கள். சிலவற்றின் மேலுறை விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற ஜெலட்டின், அதையும் கவனியுங்கள். கைக்காசு இழுபறி என்றால் இரும்புச்சத்து மாத்திரை, பால், பருப்பு, கடலை, கீரை இவற்றுக்குப் போக மீதிதான் இதற்கு, மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், தப்பில்லை.

கேள்வி: எங்களுக்குத் தினமும் மீன்தான். கர்ப்பத்தில் மீன் ஆகாது, பாதரசம் இருக்கிறது என்று ஒருவர் கிளப்பிவிட்டார். நிறுத்திவிடவா? (வாசகி, நாகப்பட்டினம்)

நிறுத்தவே வேண்டாம். பாதரசம் பெரிய மீன்களின் பிரச்சினை. சின்ன மீனைத் தின்று பெரிய மீன், அதைத் தின்று இன்னும் பெரியது என்று மேலே போகப் போக உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். சுறா, மயில் மீன், பெரிய சூரை, இவற்றைப் பிரசவம் வரை ஒதுக்குங்கள். பெரிய வஞ்சிரத்தையும் தினசரி ஆக்காதீர்கள். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, இவற்றில் ஒமேகா-3 தாராளம், பாதரசம் குறைவு, விலையும் குறைவு. வாரத்துக்கு 2, 3 தடவை குழம்பில் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் மாத்திரையே தேவைப்படாது. கருவாடு எப்போதாவது இருக்கட்டும், உப்பு அதிகம்.

பால் சுரக்கப் பிரசவத்துக்கு அப்புறம் சுறாப்புட்டு கொடுப்பது உங்கள் பக்கத்து வழக்கம், குறுக்கே நிற்கமாட்டேன். குட்டிச் சுறாவாக, என்றைக்காவது ஒருநாள் என்றால் சரி. இன்னொன்று, மீன் எண்ணெய் என்று நினைத்துக் காட் (cod) என்கிற மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய் மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

கேள்வி: எந்த எண்ணெயில் சமைத்தால் ஒமேகா-3 கிடைக்கும்? செக்கு நல்லெண்ணெய் போதுமா? (வாசகி, விருதுநகர்)

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதிலும் ஒமேகா-3 பெயருக்குத்தான், செக்கில் ஆட்டினாலும் அதேதான். சூரியகாந்தியிலும் அப்படியே, அதில் ஒமேகா-6 கொட்டிக்கிடக்கிறது. ஒமேகா-3, ஒமேகா-6 இரண்டையும் உடம்பு ஒரே நொதியை வைத்துத்தான் மாற்றவேண்டும், ஒமேகா-6 நிறைய வந்தால் ஒமேகா-3 ஓரம் கட்டப்படும். அதனால் சூரியகாந்தி எண்ணெய் மட்டுமே ஓடும் வீடு என்றால் கடலை, நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒமேகா-3-க்கு ஆளி விதையை வறுத்துப் பொடித்து, தினம் ஒரு தேக்கரண்டி இட்லிப் பொடியில் கலந்துகொள்ளலாம். முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். வனஸ்பதியில் செய்த பலகாரமும், திரும்பத் திரும்பக் காயவைத்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜியும் வேண்டாம்.

கேள்வி: ஒன்பதாம் மாதம் தினமும் நெய் குடித்தால் பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்கிறாரே பாட்டி? (வாசகி, தஞ்சாவூர்)

நெய் போவது குடலுக்கு, பிள்ளை இருப்பது கருப்பையில். இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிடுங்கள், தம்ளரில் வேண்டாம்.

கேள்வி: பிள்ளை பிறந்து 12 நாள். தாய்ப்பால் தண்ணீர் மாதிரி இருக்கிறது, சத்தே இல்லை என்று வீட்டில் பவுடர் பால் வாங்கிவரச் சொல்கிறார்கள். மீன் சாப்பிட்டால் பால் கெட்டியாகுமா? (வாசகி, மதுரை)

முதலில் வரும் பால் தண்ணீராகத்தான் தெரியும், மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடும். நீங்கள் என்ன சாப்பிட்டாலும் பாலில் மொத்தக் கொழுப்பு பெரிதாக மாறாது. மாறுவது அதன் வகை. மீன் சாப்பிட்டால் பாலில் டிஎச்ஏ ஏறும், அதற்காகச் சாப்பிடலாம், கெட்டியாக்க இல்லை. ஒரு பக்கம் பிள்ளை தானாக விடும்வரை குடிக்கவிட்டு அப்புறம் மறுபக்கம் மாற்றுங்கள். பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடவேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போட்டுப் பாருங்கள். ஏறியிருந்து, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பவுடர் வாங்கத் தேவையில்லை. எடை ஏறவில்லை, பிள்ளை சுணங்கிப் படுத்திருக்கிறது, பால் குடிக்க எழுவதில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.