மர அம்புகள் ஆளுக்கொரு பக்கம் போவது ஏன்?

ஒரே வில், ஒரே நிலை, ஒரே குறி. இருந்தும் மர அம்புகள் சிதறிப் போகின்றனவே, என் கைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘பொருத்தம் பார்த்தவை’, அதாவது விறைப்பும் எடையும் ஒத்தவை, என்று கடையில் தந்த ஒரு டஜனை அப்படியே எய்துவருகிறீர்கள் என்று எண்ணுகிறேன். கையைக் குறை சொல்லும் முன் தண்டுகளை அளந்து பாருங்கள்.

இங்கிலாந்தில் நான் நெடுவில் பழகும் மன்றத்தில், என் அம்புகளில் ஒன்று எப்போதும் இடப்பக்கமே தைத்தது. நாணை விடும் விதம் சரியில்லை என்று பயிற்றுநர் திருத்திக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வோர் அம்பிலும் பென்சிலால் எண்ணிட்டுத் தைத்த இடங்களைக் குறித்துவந்தேன். விலகியது ஏழாம் எண் மட்டுமே. கை தவறியிருந்தால் எல்லா எண்களும் அல்லவா மாறி மாறி விலகியிருக்கும்?

பிறகு 26 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளை நிறுத்தி, தண்டை அவற்றின்மேல் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டுத் தொய்வை அளந்தேன். 26ஐ அந்தத் தொய்வின் அங்குல அளவால் வகுத்தால் வருவதே மரத்தண்டின் ஸ்பைன், அதாவது விறைப்பளவு; அதைப் பவுண்டில் சொல்வார்கள். மற்றவை 0.56 அங்குலத்தை ஒட்டித் தொய்ந்தன, அதாவது 46 பவுண்டு. ஏழாம் எண் 0.47 அங்குலமே தொய்ந்தது, 55 பவுண்டு. எல்லாவற்றுக்கும் விட்டம் 11/32 அங்குலம்தான். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நெடுவில்லிலிருந்து புறப்படும் அம்பு வில்லின் தண்டைச் சுற்றி நெளிந்துதான் குறிக்கு நேராக வர வேண்டும் என்பதால், போதிய அளவு வளையாத விறைப்பான தண்டு வலக்கையால் நாண் இழுப்பவருக்கு இடப்பக்கமும், மிகுதியாக வளைவது வலப்பக்கமும் விலகும்.

தாங்கிகளின்மேல் தண்டை உருட்டினால் இந்த ஸ்பைன் அளவும் மாறும். ஆண்டு வளையங்கள் இணைகோடுகளாகத் தெரியும் பக்கம் வில்லை ஒட்டி இருக்குமாறு அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் பள்ளத்தை வெட்டுவதே மரபு. ஆகவே அளக்கும்போது அந்தப் பக்கத்தையே மேலே வையுங்கள்.

கார்பன் அம்பு வாங்கினால் தீர்ந்தது என்று சிலர் இங்கே எழுதக்கூடும். பன்னாட்டு வில்வித்தைக் கூட்டமைப்பான வேர்ல்டு ஆர்ச்சரியின் 3டி போட்டிகளில், அதாவது விலங்கு உருவக் குறிகளை எய்யும் போட்டிகளில், நெடுவில் பிரிவுக்கு மர அம்புதான் விதி. விதி இல்லாவிட்டாலும் நான் மரத்தையே எய்வேன்.

எனக்கு ஆற்றாமை கடைக்காரர்கள்மீதுதான். பொருத்தம் பார்த்ததற்கென்று கூடுதல் விலை வாங்கியவரிடம் கேட்டபோது, ‘மரமென்றால் அப்படித்தான்’ என்று பதில் வந்தது. மரம் அப்படித்தான், அதனால்தானே அளப்பதற்குக் காசு கொடுக்கிறோம்? ஸ்பைன் 5 பவுண்டுக்குள்ளும், எடை 10 கிரெயினுக்குள்ளும், அதாவது முக்கால் கிராமுக்கும் குறைவாகவும், வேறுபாடு அடங்க வேண்டும். அடுத்த முறை ஒவ்வொரு தண்டின் இரு அளவுகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள்; தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.