வானொலித் தொகுப்பாளராக விரும்பும் மகள்: லண்டனில் வாழும் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புடையீர்,

ஏ-லெவல் (பள்ளி இறுதி நிலை) படிக்கும் தங்கள் மகள் வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளராக வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பதாகவும், அதில் நிலையான வருமானம் கிடைக்குமா என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அச்சம் நியாயமானதே. பிரிட்டனில் தொகுப்பாளர்கள் பலர் ஒப்பந்த அடிப்படையிலேயே பணியாற்றுகிறார்கள். நிகழ்ச்சி நின்றால் வருமானமும் நின்றுவிடும். ஆனால் அதற்காக எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு பிபிசி ரேடியோ 1 வானொலியின் முதல் பெண் டிஜேயான (இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுப் பேசும் தொகுப்பாளர்) ஆனி நைட்டிங்கேலின் வாழ்க்கையை வைத்தே பதில் சொல்கிறேன்.

1940இல் பிறந்த அவர், இதழியல் பயின்று, பிரைட்டன் நகரத்து உள்ளூர்ப் பத்திரிகைகளில் செய்தியாளராகத் தொழிலைத் தொடங்கினார். பாப் இசை பற்றிய பத்தியும் எழுதினார். 1967இல் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது அங்கே ஒரு பெண் டிஜேகூட இல்லை. வீட்டிலிருக்கும் பெண்களுக்கு ஆண் டிஜேயின் குரல் கணவரின் இடத்தை நிரப்புகிறது என்று நிர்வாகம் காரணம் சொன்னது. (இப்படியும் ஒரு நிர்வாகக் கொள்கை!) விடாமல் முயன்று 1970இல் அவர் உள்ளே நுழைந்தார். அவரது முதல் நிகழ்ச்சியன்று, ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டைத் தவறான பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டதால், வானலையில் சில விநாடிகள் எந்த ஒலியும் இல்லை. 1982இல் ஜேனிஸ் லாங் வரும்வரை அந்த நிலையத்தின் ஒரே பெண் டிஜே அவர்தான். 1978 முதல் சில ஆண்டுகள் பிபிசி 2 தொலைக்காட்சியில் 'தி ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்' இசை நிகழ்ச்சியையும் தொகுத்தளித்தார். 2024 ஜனவரியில் 83 வயதில் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை ரேடியோ 1இல் அவர் குரல் ஒலித்தது.

குரல் வளம் மட்டும் ஒருவரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்கின் முன் நிறுத்தி வைக்காது. இசையை அவர் ஒரு செய்தியாளரின் ஆர்வத்தோடு தேடினார். தம் தலைமுறையினர் பழைய பாடல்களோடு நின்றுவிட்டபோதும், நள்ளிரவு நிகழ்ச்சியில் புதிய நடன இசையை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்.

ஆகவே, தொகுப்பாளர் பயிற்சி என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களுக்குப் பெரும் கட்டணம் செலுத்த வேண்டாம். மகளுக்கு உண்மையாகவே பிடித்த பாடத்தில், அது வரலாறோ பொருளாதாரமோ, பட்டம் பெறட்டும். இதழியல் பயிற்சியைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத்தில் மாணவர் வானொலி இருக்கிறதா என்பதை மட்டும் விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை, நோயாளிகளுக்காக ஒலிபரப்பும் அருகிலுள்ள மருத்துவமனை வானொலியிலோ சமூக வானொலியிலோ தன்னார்வலராகச் சேரலாம். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முதலில் அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அங்கே பேசுவதோடு நில்லாமல், ஒலிக்கலவைப் பலகையை இயக்கவும் பதிவுகளை வெட்டி ஒட்டிச் சீராக்கவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் திறன் கையில் இருந்தால், தொகுப்பாளர் வாய்ப்பு தள்ளிப்போனாலும் தயாரிப்புப் பிரிவில் வேலை தேட முடியும்.