கவலையில் நின்ற கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் நண்பர்கள் நால்வரும் விடுமுறை நாள்களில் ஜவ்வாது மலைக் குன்றுகளிலும் பர்வதமலையிலும் ஏறி வருகிறோம். பர்வதமலை உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில் இருக்கிறது. மற்ற உச்சிகளில் பாறை, புதர், காற்று இவைதாம். இந்தப் பகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எங்கேதான் இருக்கிறது? – ஆரணி வாசகர்

பதில்: உச்சிக்குப் போகும் அவசரத்தில் தாங்கள் கடந்து சென்ற வழிகளில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் முகடுகள் பெரும்பாலும் 1,100 மீட்டரை ஒட்டியவை. நீலகிரியைப் போல எதிரே மதிலாக நின்று மனிதரைத் தடுத்த மலை அன்று இது. மாடு ஓட்டியும் சுமை தூக்கியும் பாட்டுப் பாடியும் மனிதர் காலங்காலமாகக் கடந்து போன மலை. தெற்கே செங்கம் கணவாய் கொங்கு நாட்டுப் பக்கத்தையும் தொண்டை நாட்டையும் இணைக்கும் வாயிலாக இருந்ததால், அந்த வாயிலுக்காகப் பல நூற்றாண்டுகள் சண்டை நடந்திருக்கிறது. 1767 செப்டம்பர் மாதத்தில் ஐதர் அலியின் படையும் ஐதராபாத் நிஜாமின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படையோடு, அதாவது ஆங்கிலேய வணிகக் கம்பெனியின் படையோடு, மோதியதும் இந்தச் செங்கத்தில்தான்.

ஆனால், தங்கள் கேள்விக்கு நேரான விடை அதற்கும் மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. அதில் வரும் நவிரமலையே இன்றைய பர்வதமலை என்பர். ஆறு என்று வருவது ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறு. 583 அடிகள் கொண்ட அப்பாட்டின் பெரும்பகுதி மலைவழியைப் பற்றியதாகவே இருக்கிறது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும், ஆகவே விடிந்த பிறகு நடவுங்கள். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் செல்லுங்கள். வழி தவறினால் உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள், புனங்காப்போர் ஓடிவந்து உதவுவார்கள் என்றெல்லாம் புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மலையேறுவோருக்கு இன்று அச்சிட்டுத் தரப்படும் அறிவுரைத் தாள்களில் இந்த அக்கறையில் பாதியை நான் பார்த்ததில்லை.

அந்த வழிச்சொல்லலின் நடுவே ஓரிடத்தில், போரில் புறமிடாமல் மடிந்த மறவரின் பெயரெழுதி நட்ட கற்கள் கவர்த்த வழிகளில் எண்ணிக்கை மிகுந்து நிற்கும் என்கிறார் புலவர். வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அக்காலத் தமிழில் ‘கவலை’ என்று பெயர். வழிப்போக்கன் எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்கி நிற்கும் அவ்விடத்தில் ஒரு கல் நின்று, இறந்தவனின் பெயரைச் சொன்னது.

இதைப் புலவரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாதபடி, செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் தொட்டு எழுத்துப் பொறித்த நடுகற்கள் நிறையக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமியின் பொறுப்பில், அவற்றைத் தொகுத்து 1972-இல் தனி நூலாகவே வெளியிட்டது. பெரும்பாலானவை வட்டெழுத்து என்னும் வளைந்த வடிவுடைய பழைய தமிழ் எழுத்தில் அமைந்தவை. அரசன் பெயர், அவனுடைய ஆட்சியாண்டு, உள்ளூர்த் தலைவன் பெயர், ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ நடந்த பூசல், அதில் ‘பட்டான்’ இன்னான் என்ற முடிவு. இவ்வளவையும் நான்கைந்து வரிகளில் அடக்கிவிடுவார்கள். மாடுதான் செல்வம், மேய்ச்சல் வெளிதான் எல்லை என்றிருந்த ஒரு வாழ்க்கை அந்த வரிகளில் தெரிகிறது. பேரரசர்களின் புகழைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியில் இடம்பெறாத சிற்றூர்ச் சேவகனுக்கு இங்கே பெயர் இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது எடுத்தனூர்க் கல். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்ததற்காக நட்டது. வில்லும் வாளும் ஏந்திய வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதற்கென்று தனியே எழுத்து வெட்டி, கோவிவன் என்னும் அந்த நாய் இரு கள்வரைக் கடித்துக் காத்திருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாட்டு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆகவே, அடுத்த முறை உச்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அடிவாரத்து ஏரிக்கரைக்கும் வயல் வரப்புக்கும் ஊர் எல்லைக்கும் ஒதுக்குங்கள். ‘நடுகல் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘வேடியப்பன் கோயில் எங்கே?’ என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்டுவார்கள். இந்த வட்டாரத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பூசை ஏற்று வருகின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு அருகில் செல்லுங்கள்.

கேள்வி: ஒரு மலைச்சரிவில் பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே பெரிய கல்லால் மூடிய சிறு அறைகளைக் கண்டோம். உடன் வந்த பெரியவர் ‘குள்ளர் வீடு’ என்றார். குள்ளமான மனிதர்கள் உண்மையில் இங்கே வாழ்ந்தார்களா? – திருப்பத்தூர் வாசகர்

பதில்: வாழ்ந்தவர்களின் வீடுகள் அல்ல அவை, இறந்தவர்களுக்காக எடுத்தவை. இரும்புக் காலத்தைச் சேர்ந்த இவற்றைத் தொல்லியலார் கல்திட்டை என்பர். நிலத்துக்கு மேலே தெரிவது கல்திட்டை, மண்ணுக்குள் புதைந்திருப்பது கற்பதுக்கை. சிலவற்றில் ஒரு பக்கப் பலகையில் வட்டமான துளை இருக்கும். இடுதுளை என்பது அதன் பெயர். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத அறையைக் கண்ட பிற்கால மக்கள், இதில் குடியிருந்தவர் குள்ளராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்ததில் ஒரு தருக்கம் இருக்கிறது. வேறு ஊர்களில் இதையே வாலியர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். அந்தப் பெரியவர் சொன்ன பெயரை ஊர்ப்பெயரோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு சான்றுதான். புதையல் தேடுவோர் மூடுகல்லைப் புரட்டிப் போட்டதால் அழிந்த கல்திட்டைகள் பல. அவற்றுள் தங்கம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பானை ஓடும் இரும்புத் துண்டும் எலும்பும்தான் பெரும்பாலும் கிடைப்பவை.

கேள்வி: கல்லில் எழுத்து இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை. சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் எழுதிப் பார்க்கலாமா? கோதுமை மாவு தடவினால் தெளிவாகத் தெரியும் என்கிறார்களே? – திருவண்ணாமலைக் கல்லூரி மாணவர்

பதில்: இரண்டும் வேண்டாம். சுண்ணக்கட்டியால் எழுதுகிறவர் தாம் கண்டதாக நினைக்கும் எழுத்தைத்தான் எழுதுகிறார். அடுத்து வருபவர் கல்லைப் படிக்காமல் அவரைப் படிப்பார். மாவு எறும்பையும் பூஞ்சையையும் அழைத்து வரும். பொழுது சாயும் நேரத்திலோ காலையிலோ பக்கவாட்டில் வெயில் விழும்போது பாருங்கள், மங்கிய வெட்டும் நிழலாகத் தெரியும். மேகமூட்டமாக இருந்தால் கைவிளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள். ஈரத்தாளை ஒட்டித் தட்டி மை ஒற்றிப் படியெடுப்பது பழகியவர் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: ஓடைக்கரையில் வழவழப்பான கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தேன். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? – வேலூர் வாசகர்

பதில்: கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, வட்டாட்சியரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவிப்பதே முறை. தங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அது புதிதும் அன்று. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்வில் புதிய கற்கால மக்களின் கருவிகளோடு, அவர்கள் பயிரிட்ட கேழ்வரகும் கொள்ளும்கூடக் கிடைத்தன. கோடரி தனியே அலமாரியில் இருந்தால் வெறும் கல். எந்த ஓடையில், எந்தப் பக்கத்தில், எதனோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு.

கேள்வி: ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்கிறார்களே, அவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்களா? – சென்னை வாசகர்

பதில்: இல்லை. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் அமைந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், சகோதரர் மூவர் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்கள் சொல்லும் கதை, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை எங்கும் சிறு வேறுபாடுகளோடு வழங்குகிறது. கதையில் ஆண்டும் அரசன் பெயரும் தேடிப் பயனில்லை. ஆயினும், இத்தனை மலைகளில் பிரிந்து வாழ்பவர் தம்மை ஒரே குடியாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது சிறிய செய்தி அன்று. கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளை இன்றும் வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகவே அழைக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் நாம் படித்துவிட்டு மறந்த சொல் அங்கே பேருந்துப் பலகையில் இருக்கிறது. இந்த மலைகளுக்குச் செல்பவர் சாமைச் சோறு கிடைத்தால் விடாமல் உண்ணுங்கள் என்பது என் சொந்தப் பரிந்துரை.

கேள்வி: காட்டுக்குள் செல்ல அனுமதி கட்டாயமா? வழி மறக்காமல் இருக்கப் பாறைகளில் வண்ணத்தால் அம்புக்குறி இடுகிறோம், அது தவறா? – காஞ்சிபுரம் வாசகர்

பதில்: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் பலர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024-இல் அரசு 40 வழிகளை முறைப்படுத்தித் திறந்திருக்கிறது. அவற்றில் வழிகாட்டியோடு செல்லலாம். கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் மாதங்களில் செல்ல வேண்டாம். மழை ஓய்ந்த மார்கழியும் தையும் இந்த மலைகளுக்கு ஏற்றவை.

அம்புக்குறி தவறுதான். கோடு, பள்ளம், எழுத்து என்று நாம் இன்னும் பார்க்காத எதன் மேல் அந்த வண்ணம் விழுகிறது என்று தங்களுக்குத் தெரியாது. மலைபடுகடாம் இதற்கும் வழி சொல்லியிருக்கிறது: பின்னால் வரும் புதியவர் திகைக்காமல் இருக்க, வழி பிரியும் இடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இடுங்கள் என்கிறது. முடிந்த புல் அடுத்த மழைக்குள் தானே அவிழ்ந்துவிடும்.