சீஸும் பழமும் வைத்த குட்டி பஃப்ஸ்: வாசகர் கேள்வி – பதில்

மகன் பிறந்தநாளுக்கு 30 பேர் வருகிறார்கள். சமோசா, கட்லெட் எல்லாம் அலுத்துவிட்டது. சீஸும் பழமும் வைத்த சின்ன பஃப்ஸ் வீட்டு ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) செய்ய வருமா? முட்டை சேர்க்க மாட்டோம்.
– தஞ்சாவூர் வாசகி

தாராளமாக வரும். முட்டை தேவையே இல்லை. ஆளுக்கு இரண்டு, மூன்று என்று வைத்துக்கொண்டால் 75, 80 வேண்டும். கீழே உள்ள அளவுக்கு 40 வரை கிடைக்கும். இதையே இரண்டு முறையாகச் செய்யுங்கள். மொத்தமாக ஒரே மாவாகப் பிசைந்தால் தேய்த்து முடிப்பதற்குள் வெண்ணெய் இளகிவிடும்.

மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 175 கிராம், உப்பு அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 110 முதல் 120 மில்லி. கடையில் உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றால் உப்பை விட்டுவிடுங்கள்.

வெண்ணெயை ஒரு செ.மீ. துண்டுகளாக நறுக்கி ஃப்ரீசரில் 15 நிமிடம் வையுங்கள். உப்பு கலந்த மைதாவில் போட்டு விரல் நுனியால் லேசாக நசுக்கினால் போதும். பிஸ்கட்டுக்குச் செய்வது போலப் பொடியாக உதிர்க்கக் கூடாது. மொச்சை அளவுத் துண்டுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்த ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மாவைச் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைய வேண்டாம். பார்க்கத் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். தட்டையாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம்.

பிறகு 45 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்து மூன்றாக மடியுங்கள். கால் வட்டம் திருப்பி மறுபடி தேய்த்து மறுபடி மடியுங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். இன்னும் இரண்டு மடிப்பு. ஆக நான்கு. கடைசியாக ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் கிடந்தபின் 3 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து, ஓரங்களை நேராக வெட்டிவிட்டு 6 செ.மீ. சதுரங்களாகப் போடுங்கள்.

மாவுக்கு நடுவே நடுவே வெண்ணெய் தனி அடுக்காக நிற்கிறது. அடுப்புச் சூட்டில் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி அந்த அடுக்குகளைத் தூக்குகிறது. வெண்ணெய் முன்னாலேயே உருகி மைதாவோடு கலந்துவிட்டால் தூக்குவதற்கு அடுக்கே இருக்காது. நல்ல பிஸ்கட் கிடைக்கும், பஃப்ஸ் கிடைக்காது. வெண்ணெய் முழுக்க உருக 32 முதல் 35 டிகிரி போதும். சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் அடுப்படி அதைத் தாண்டித்தான் இருக்கும். அதனால் இந்த வேலைக்கு விடியற்காலைதான் சரி. தேய்க்கும் மேடை மேல் ஐஸ் கட்டி நிரப்பிய எவர்சில்வர் தாம்பாளத்தைப் பத்து நிமிடம் வைத்து, எடுத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தேய்த்தால் பாதிக் கவலை தீரும். இடையில் மாவு கையில் ஒட்டினாலே நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மைதா தூவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

சதுரத்தின் நடுவே ஒரு டீஸ்பூன் சீஸ், அதன் மேல் அரை டீஸ்பூன் பழக்கலவை (இரண்டுக்கும் விவரம் கீழே). எதிரெதிர் மூலைகள் இரண்டில் தண்ணீர் தொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்து அழுத்துங்கள். தட்டோடு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் பாலில் அரை டீஸ்பூன் சர்க்கரை கரைத்து மேலே தடவுங்கள். முட்டை தடவினால் வரும் பளபளப்பு வராது. நிறம் நன்றாகவே வரும்.

ஓடிஜியை மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய 210 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கிவிட்டு உள்ளே வையுங்கள். முதல் பத்து நிமிடம் 210, அப்புறம் 180-க்குக் குறைத்து எட்டு முதல் பத்து நிமிடம். ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள். மேலே சிவந்து அடி வெள்ளையாக இருந்தால் இன்னும் வேகவில்லை.

இவ்வளவு மடிக்க நேரமில்லை. கடையில் வாங்கலாமா?
– மன்னார்குடி வாசகி

வாங்கலாம். உறைந்த பஃப் பேஸ்ட்ரி ஷீட்டை முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். மேடையில் வைத்து இளக்கினால் வெளிப்பக்கம் கொழகொழவென்றும் நடுப்பகுதி கல்லாகவும் இருக்கும், விரிக்கும்போது உடையும். சில பேக்கரிகளில் முதல்நாள் சொல்லி வைத்தால் வேகாத பஃப்ஸ் மாவு எடைக்குத் தருவார்கள். அதில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கும் மார்கரின்தான். வெண்ணெயைவிட அதிகச் சூடு தாங்கும் என்பதால் வெயில் காலத்தில் வேலை எளிது. ஆனால் மேல் அண்ணத்தில் மெழுகு பூசிய மாதிரி ஒட்டும். உருளைக்கிழங்கு மசாலாவின் காரத்தில் அது தெரியாமல் போய்விடும், பழத்தோடு தெரியும். சீஸ், பழம் என்று செலவழிப்பவர் வெண்ணெயில் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

எங்கள் ஊரில் கிரீம் சீஸ் எப்போதும் கிடைப்பதில்லை. கட்டி சீஸ், மொஸரெல்லா, பன்னீர் – எதை வைக்கலாம்?
– மயிலாடுதுறை வாசகி

மொஸரெல்லாவை விட்டுவிடுங்கள். சூட்டில் இழுபடும், ஆறினால் ரப்பர். விருந்தில் யார் அடுப்பு வாசலில் நின்று சாப்பிடுகிறார்கள்?

டப்பாவில் கட்டியாக வரும் பிராசஸ்டு சீஸ் இதற்கு நல்ல தோழன். அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைப்பதால் சூட்டில் எண்ணெய் கக்காது, வழிந்து ஓடாது. துருவிப் போடுங்கள். உப்பு தூக்கலாக இருக்கும். இனிப்புப் பழத்துக்கு அது பொருத்தமே.

வெறும் பன்னீர் உருகவே உருகாது, மணல் மணலாக நிற்கும். அதைத் தயிரோடு சேர்த்தால் ருசியில் கிரீம் சீஸுக்குப் பக்கத்தில் வரும். புளிக்காத கெட்டித் தயிர் கால் லிட்டரை வேட்டித் துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள் ஆறு மணி நேரம் வடியவிடுங்கள். அதில் 100 கிராம், பன்னீர் 100 கிராம், துருவிய பிராசஸ்டு சீஸ் 50 கிராம், சோளமாவு ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் இரண்டு சிட்டிகை. மிக்ஸியில் வெண்ணெய் பதத்துக்கு அரைத்தால் 40 துண்டுக்குச் சரியாக இருக்கும். சோளமாவை மறக்க வேண்டாம். அதுதான் சூட்டில் கலவை நீர்த்துப் போகாமல் காக்கிறது.

சைவ வீடுகள் சீஸ் உறையில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். பாலைத் திரிக்க விலங்கிலிருந்து எடுத்த ரென்னெட் பயன்படுத்திய வெளிநாட்டுச் சீஸ்களும் உண்டு.

மாம்பழத் துண்டு வைத்துச் செய்தேன். அடி முழுக்கச் சொதசொதவென்று ஆகிவிட்டது. எந்தப் பழம் வைக்கலாம்?
– கும்பகோணம் வாசகி

சமைக்காத பழம் எதுவானாலும் அடுப்பில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் அடி மாவில் இறங்கினால் அங்கே அடுக்கு எழும்பாது. பழத்தை முதலில் கிளறி வற்ற வைக்க வேண்டும். 300 கிராம் சதைக்குச் சர்க்கரை 45 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன். அடி கனத்த வாணலியில் நடுத்தரத் தீயில் கிளறினால் ஏறக்குறைய பாதியாகச் சுண்டும். பதம் பார்க்க, ஃப்ரிட்ஜில் குளிர வைத்த சின்னத் தட்டில் கால் டீஸ்பூன் விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் நடுவே கோடு இழுங்கள். கோடு மூடிக்கொண்டால் இன்னும் கிளற வேண்டும். அப்படியே நின்றால் இறக்கலாம். முழுக்க ஆறிய பிறகே மாவில் வையுங்கள். வெதுவெதுப்பே போதும், வெண்ணெயை உருக்கிவிடும்.

மாம்பழத்தில் பங்கனப்பள்ளி நல்லது, அதுவும் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே. திருச்சிப் பக்கத்து இமாம்பசந்தை வாணலியில் போடுவது பாவம்; அதை நறுக்கித் தட்டில் வைத்துவிடுங்கள்.

எங்களைக் கேட்டால் முதல் இடம் கொய்யாவுக்கு. அதில் பெக்டின் நிறைய இருப்பதால் சீக்கிரம் தானே இறுகும். வேக வைத்து, மசித்து, விதை போகச் சல்லடையில் தேய்த்து எடுத்துக் கிளறுங்கள். உப்புச் சீஸுக்கு அதைப்போலச் சேரும் பழம் குறைவு. கியூபாக்காரர்களின் கொய்யா சீஸ் பேஸ்ட்ரி பேர்போனது. அடுத்து நம் பூவன். லேசான புளிப்பு உண்டு என்பதால் சர்க்கரைக்குப் பதில் 30 கிராம் வெல்லம் போட்டு அல்வா பதத்துக்குக் கிளறினால் மிளகு சேர்த்த சீஸோடு நன்றாக இருக்கும். பேரீச்சையும் உலர்ந்த அத்திப்பழமும் வேலையே வைக்காது: வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, நறுக்கிக்கொள்ளுங்கள். தர்பூசணி, ஆரஞ்சு எல்லாம் இதற்கு ஆகாது.

அன்னாசியைப் பச்சையாகச் சீஸ் கலவையில் கலக்கவே கூடாது. அதிலுள்ள புரோமிலைன் என்ற நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும், கலவையும் நீர்த்துப்போகும். கொதிக்கக் கிளறிவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், பிறகு பயமில்லை.

மூலைகள் விரிந்து சீஸ் தட்டில் கொட்டிவிடுகிறது. சில துண்டுகள் உயரவே இல்லை, தட்டில் எண்ணெய் வேறு நிற்கிறது.
– பட்டுக்கோட்டை வாசகி

மூன்றும் வேறு வேறு கோளாறு. விரிவதற்குக் காரணம் அனேகமாகப் பூரணம் அதிகம்; டீஸ்பூனைக் குவிக்காமல் தலை வழித்து அளந்து வையுங்கள். மூலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஒன்றரை செ.மீ. ஆவது ஏற வேண்டும். இதையும் மீறி விரிந்தால் சந்தில் பல்குச்சி செருகி, வெந்ததும் பரிமாறுவதற்கு முன் மறக்காமல் உருவிவிடுங்கள்.

உயராததற்கு இரண்டு காரணம் பார்க்கலாம். கத்தி மழுங்கலாக இருந்தால் வெட்டும்போது அடுக்குகள் ஒன்றோடொன்று நசுங்கி ஒட்டிக்கொள்ளும்; கத்தியை இழுக்காமல் மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள். பால் தடவும்போது வெட்டிய ஓரத்தில் வழிந்தாலும் அதே கதிதான்.

தட்டில் எண்ணெய் நின்றால் அடுப்பில் சூடு போதவில்லை. ஓடிஜியின் விளக்கு அணைந்ததை நம்ப வேண்டாம்; திருகில் 210 என்றிருக்கும், உள்ளே 180தான் இருக்கும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் அடுப்பு வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்துவிட்டால் சந்தேகம் தீரும்.

டேனிஷ் பேஸ்ட்ரியும் இதுவும் ஒன்றா? எங்கள் ஊர் டேனிஷ்காரர்கள் கொண்டுவந்ததா?
– தரங்கம்பாடி வாசகர்

இல்லை. டேனிஷ் மாவில் ஈஸ்ட், பால், சர்க்கரை உண்டு. மடித்தபின் பொங்கவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் மாவு பொங்குவதற்குள் வெண்ணெய் வழிந்துவிடும், விருந்து நாளில் புதிதாகத் தொடங்க வேண்டாம். சரித்திரமும் இடிக்கிறது: 1620-ல் வந்த டேனிஷ்காரர்கள் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ஆஸ்திரிய பேக்கரிக்காரர்கள் வழியாக இந்தப் பேஸ்ட்ரி டென்மார்க்கில் பரவியது 1850-களில்தான்.

முந்தைய நாளே செய்து வைக்கலாமா? திருவாரூரில் செய்து வேளாங்கண்ணிக்கு எடுத்துப்போக வேண்டும். மழைக்காலம் வேறு.
– திருவாரூர் வாசகி

வேகாததைச் செய்து வைப்பதே மேல். வடிவம் செய்ததும் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் இறுகவிட்டு, பிறகு டப்பாவில் அடுக்கினால் மூன்று வாரம் தாங்கும். இளக்காமல் அப்படியே அடுப்பில் வைத்து நான்கைந்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். மின்வெட்டில் ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். கரண்டு வந்ததும் சுட்டுவிடுங்கள். ஓடிஜிக்கு மின்சாரம் நிறைய வேண்டும், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதை இழுக்காது.

வெந்ததை எடுத்துப்போவதானால், கம்பித் தட்டில் முழுக்க ஆறவிட்டு டப்பாவில் ஒரே அடுக்காக வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி நமுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்தாலும் காற்றின் ஈரத்தில் நமுக்கும். போன இடத்தில் அடுப்பு இருந்தால் 160 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்பு திரும்பும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். தயிர் பன்னீர்க் கலவை வைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது.

ஓடிஜி இல்லை. குக்கரிலோ ஏர் ஃப்ரையரிலோ வருமா? வெட்டிய ஓரத்து மாவை என்ன செய்வது?
– திருத்துறைப்பூண்டி வாசகர்

குக்கரில் அடி வேகும், மேல்பக்கம் சிவக்காது, வேண்டாம். ஏர் ஃப்ரையரில் வரும். 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், ஒரு தடவைக்கு ஆறோ எட்டோதான். உள்ளே காற்று வேகமாகச் சுற்றுவதால் மூலைகள் பறந்து திறக்கும், பல்குச்சி கட்டாயம்.

ஓரத்து மாவை உருண்டை பிடித்தால் அடுக்கு போய்விடும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தேய்த்து, துருவிய சீஸும் மிளகும் தூவி, விரல் அகல நாடாவாக வெட்டி முறுக்கி, 190 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் சுடுங்கள். பழம் பிடிக்காத பிள்ளைகளுக்கு ஆகும்.